தேறிய மார்பு

காவலர் தேர்வில் தவசியின் மார்பை அளக்க டேப்போடு கிளம்பிய ஏட்டய்யா இன்னும் அவன் முதுகைச் சுற்றித்தான் நடந்துகொண்டிருந்தார். மைதானத்தின் நடுவில் தவசி சட்டையில்லாமல், டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இந்த வேலையும் போனால் செங்கல் சூளைதான் கதி.

போன தடவை மார்பளவு குறைகிறது என்று வெளியே தள்ளினார்கள். ஜிம் மாஸ்டர் ஊசி போட்டுவிட்டார். மார்பு வளர்ந்தது. தசையாக வளரவில்லை. காம்புக்குப் பின்னால் பக்கத்துக்கொரு நெல்லிக்காயாக உருண்டு, பிறகு பெருத்துத் தொங்கியது.

"ஏல, ஷாலைப் போடுல," என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

தவசியின் அக்கா பேச்சிக்கனி வேலிக்கு வெளியே நின்றாள். "ஒரு நாளைக்கே மூஞ்சி சுண்டிட்டே. நாங்க பன்னெண்டு வயசுலேர்ந்து கேக்கோம்," என்றாள்.

பெண்களுக்கு அங்கே மார்பளவு கிடையாது. அதை ஊரே கண்ணால் அளந்து முடித்துவிட்டது.

தரையில் நீண்டு கிடந்த டேப்பின் மேல் மேசை போட்டு ஒரு டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஊசி?"

"தெரியாதும்மா. பேரைக் கிழிச்சிட்டுத்தான் போட்டாரு."

"ஆம்பளை ஹார்மோன். மிஞ்சினதை உடம்பு பொம்பளை ஹார்மோனா மாத்திக்கும். சில பேருக்கு மீசை முளைக்கிற வயசுல வரும், தானாப் போயிரும். சில பேருக்கு ஈரல் கெட்டா வரும், சில மாத்திரையால வரும். உனக்கு ஊசி."

"நிறுத்தினா போயிருமா?"

"புதுசுன்னா வத்தும்." அமுக்கிப் பார்த்தார். "இது இறுகிட்டு. ஆபரேஷன்தான்."

கத்தி எடுக்கப் போனார். அதற்குள் ஏட்டய்யா மறுபக்கமாக வந்து சேர்ந்தார். மீசை நரைத்திருந்தது.

"இடது மார்பு தேறிட்டு. வலது காத்திருப்புல இருக்கு. நீ தேறல."

"மூணும் நான்தானே ஐயா?"

"எல்லாப் பயலும் அப்படித்தான் சொல்லுதான்."

இடது மார்புக்குத் தொப்பி வைத்தார்கள். ஏட்டய்யா அதற்கு சல்யூட் அடித்தார்.

டாக்டரம்மா கத்தியோடு வந்தார். ஏட்டய்யா மறித்தார்.

"அரசாங்க ஊழியரு மேல கத்தி வைக்கப்படாது. மேலிடத்து அனுமதி வேணும்."

"எப்ப கிடைக்கும்?"

"இவரு ரிட்டையர் ஆகையில," என்று தொப்பியைக் காட்டினார்.

"அப்ப நான்?" என்றான் தவசி.

"நீ பொதுமக்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லு."

சுண்ணாம்புக் கோடு அவன் கால்களுக்கு நடுவில் ஓடியது. இடது கால் உள்ளே, வலது கால் வெளியே. இடது கையில் லத்தி கொடுத்துக் கூட்டத்தைத் தள்ளச் சொன்னார்கள். கூட்டத்தில் முதலில் நின்றது அவன்தான். இடது கை ஓங்கியது. வலது கை தடுத்தது.

"விடாதல," என்றாள் அக்கா.

எந்தக் கைக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை. இரண்டும் கேட்டுக்கொண்டன.