மற்ற ஆர்டிஸ்

மினசோட்டாவில் ஆர்டிஸ் ஹெக்லண்ட் என்றால் தெரியாதவர்கள் குறைவு. என் கெட்ட நேரம், அந்தப் பெயரில் நாங்கள் இரண்டு பேர். ஒருத்தி மாநில செனட்டராக இருந்தவள். இன்னொருத்தி, பெண் பிள்ளைகளை ஐஸ் ஹாக்கி ஆட விடாத பள்ளிக்கூடத்தின் மேல், அங்கேயே டீச்சராக இருந்துகொண்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் வழக்குப் போட்டு ஜெயித்தவள். அது நான். நான் ஹெக்லண்டாகவே பிறந்தவள். அவள் என் பெரியப்பா மகனைக் கட்டிக்கொண்டு அந்தப் பெயரைச் சும்மா வாங்கியவள்.

இருவரும் போவது ஒரே சர்ச்சுக்கு. சர்ச் விருந்துக்கு அவரவர் வீட்டில் சமைத்துக் கொண்டுபோகிற சட்டியின் அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதிவிடுவோம். இல்லாவிட்டால் கழுவிய பிறகு யார் சட்டி யார் வீட்டுக்குப் போகும் என்று சொல்ல முடியாது. எங்கள் இரண்டு பேர் சட்டியும் ஓயாமல் மாறிப் போனது. சர்ச் சமையலறையை ஆளும் லாவோன் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். செனட்டர் சட்டியில் 'ஆர்டிஸ்'. என் சட்டியில் 'மற்ற ஆர்டிஸ்'. இருபது வருடமாக அதைத் தேய்த்துக் கழுவும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்திருக்கிறது.

போன மார்ச்சில், ஊரின் புது ஐஸ் அரங்கத்துக்கு ஆர்டிஸ் ஹெக்லண்ட் பெயர் என்று பேப்பரில் போட்டார்கள். ஹாக்கி அரங்கத்துக்கு வேறு எந்த ஆர்டிஸ் பெயரை வைப்பார்கள்? அரங்கக் கமிட்டியிலிருந்து எனக்குக் கடிதம் வரவில்லை. தபால் தாமதம் என்று நினைத்துக்கொண்டேன், மடச்சி. முடியைச் சுருட்டிக்கொண்டு, மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டு ஒரு சட்டி ஹாட்டிஷ் செய்துகொண்டு திறப்பு விழாவுக்குப் போனேன்.

மேயர் திரையை இழுத்தார். வெண்கலப் பலகையில் எழுதியிருந்தது என்னைப் பற்றித்தான்: 'பெண் பிள்ளைகளுக்குப் பனித்தளத்தைத் திறந்துவிட்டவர்.' மேலே பதித்திருந்த முகம் அவளுடையது. தேர்தல் சுவரொட்டியில் இளித்த அதே இளிப்பு.

கூட்டம் கைதட்டியது. அவளும் எழுந்து கும்பிடாத குறையாகத் தலையாட்டினாள். நேராக அவளிடம் போனேன்.

"கமிட்டி லெட்டர் உனக்கா வந்துச்சு?"

"மெதுவாப் பேசு ஆர்டிஸ், எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு. போட்டோ கேட்டாங்க, குடுத்தேன்."

"எதுக்காகக் கேட்டாங்கன்னு படிச்சியா? எண்பத்தொண்ணுல பொண்ணுங்க டீமுக்குக் காசு குடுக்கக் கூடாதுன்னு ஓட்டுப் போட்டவதானடி நீ!"

"படிச்சேன்" என்றாள், கண்கூடச் சிமிட்டாமல். "பேரு ஒண்ணுதானே. உனக்கும் சேத்துத்தான்னு நெனச்சுக்கோயேன். உன் மூஞ்சிய இங்க யாருக்குத் தெரியும்?"

அவள் சொன்னது உண்மை. அதற்காகவே அவளை அங்கேயே அறையலாம் போலிருந்தது. என் கையில் படித்த பெண்களுக்கே இன்று அறுபது வயது தாண்டிவிட்டது. பாதிப் பேர் ஊரிலேயே இல்லை.

சாப்பாட்டு மேஜையிலிருந்து லாவோன் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"ரெண்டு பேரும் அப்புறம் சண்டை போடுங்க. ஹாட்டிஷ் ஆறிப் போச்சு. அது மற்ற ஆர்டிஸோடதுதானே?"

நான் மேஜைக்குப் போய் என் சட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு அவளிடம் திரும்பி வந்தேன். ஹாட்டிஷ் தன் தலையில் இறங்கப்போகிறது என்று செனட்டர் இரண்டடி பின்னால் போனாள். அந்தப் பயத்தைப் பார்க்க எனக்கு ஆனந்தமாக இருந்தது. ஆனால் நான் கொட்டவில்லை. அடியில் இருந்த டேப்பை நகத்தால் கிளப்பி உரித்தேன். சட்டியை லாவோன் கையில் திணித்துவிட்டு நேராகப் பலகைக்குப் போய், அந்த இளிப்பின் மேலேயே டேப்பை ஒட்டி, கட்டைவிரலால் நன்றாக அழுத்தித் தேய்த்தேன்.

மற்ற ஆர்டிஸ்.

மேயர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். செனட்டரின் முகம் பீட்ரூட்டாகச் சிவந்திருந்தது.

லாவோன் மட்டும் சட்டியின் அடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப இதுல இனிமே என்னன்னு எழுதுறது?"

"வெறும் ஆர்டிஸ்னு எழுது."