நீலத்தின் மேல் வெள்ளி

அட்டையில் அவள் பெயர் இல்லை.

படம் இருந்தது. அடியில் ‘முதலாம் ஆண்டு நினைவு’ என்ற வரி இருந்தது. மேலே கரும் நீலப் பட்டையில் வெள்ளை எழுத்தில் வர வேண்டிய பெயர் மட்டும் விழவில்லை. அச்சான தாளை வெட்டுவதற்கு முன் கண்ணில் பட்டதே பெரிது.

தப்பு, பிரஸ்ஸில் டிசைன் போடுகிற அவனுடையதுதான். அச்சில் வெள்ளை என்று தனி மை கிடையாது. நீலம் அந்த இடத்தை விட்டு ஒதுங்கினால் காகிதம் தெரியும், அதுதான் வெள்ளை. அவன் முதலில் பெயரைக் கறுப்பில், நீலத்தின் மேலேயே விழும்படி ஓவர்பிரின்ட் என்று குறித்து வைத்திருந்தான். பிறகு நிறத்தை மாற்றினான். குறியை எடுக்க மறந்தான். திரையில் பெயர் பளிச்சென்று இருந்தது. மெஷினில் நீலம் ஒதுங்கவில்லை.

போன வருடம், மனைவியின் துக்க வீட்டிலேயே மாமியார் சொல்லிவிட்டாள். “கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. கல்லுக்கா கட்டிக் கொடுத்தோம்?” அதற்கப்புறம் அந்த வீட்டிலிருந்து அவனிடம் கேட்டது இந்த அட்டை ஒன்றைத்தான். மதியம் மச்சான் வந்து வாங்கிப் போவதாகப் பேச்சு. பெயரில்லாத அட்டை போய்ச் சேர்ந்தால், மாமியார் சொன்னதை இவனே அச்சடித்துக் கொடுத்த மாதிரி.

மெஷின்காரரை பிரஸ்ஸில் எல்லாரும் பட்டாசு என்பார்கள். தொட்டால் வெடிப்பார். இன்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“புதுசா அடிக்க இந்த அட்டை கையில இல்ல. அடிச்சது மேலயே அடிச்சுடலாம். கறுப்பு எடுபடாது. வெள்ளி மை நிக்கும். பேரை மட்டும் பிளேட் போட்டுக் குடுங்க. காஞ்சதும் வெட்டிக்கலாம்.”

பெயர் தன் இடத்தில் சரியாக உட்கார்கிற வரை நல்ல அட்டையை ஏற்ற மாட்டார்கள். மூலையில் கிடக்கும் கழிவுத் தாளில்தான் ஓட்டிப் பார்ப்பார்கள். பிளேட் வந்ததும் அவர் அதில் ஒரு கட்டுத் தாளை ஏற்றி மெஷினை முடுக்கினார்.

முதல் தாள் விழுந்தது. சோப்பு உறை. நுரையின் மேல் வெள்ளியில் அவள் பெயர். அடுத்து பல் டாக்டரின் நோட்டீஸ், பல் வரிசைக்குக் குறுக்கே அவள் பெயர். பிறகு யாருக்கோ கல்யாணம், செருப்புக் கடைத் தள்ளுபடி, மறுபடி சோப்பு.

பட்டாசு ஒரு தாளை உருவி, பெயரை வாய்விட்டுப் படித்தார். மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் படிக்க வேண்டியிருந்தது.

அவனுக்கு முதுகு நிமிர்ந்தது. இந்த ஒரு வருடமாக அவன் எதிரில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. ‘பாவம், அந்தப் பொண்ணு’ என்பார்கள். ‘அவங்க’ என்று இழுப்பார்கள். வீட்டில் சொல்ல அவனைத் தவிர ஆளில்லை. அவனும் சொல்லவில்லை.

“சரியா இருக்கா சார்?”

“கொஞ்சம் மேல.”

திருகினார். மறுபடி ஓட்டினார். மறுபடி படித்தார்.

“இப்போ?”

“வலது பக்கம் ஒரு நூல் அளவு.”

அப்போதே சரியாகிவிட்டிருந்தது. அது அவனுக்கும் தெரியும்.

“இப்போ?”

“இன்னும் கொஞ்சம் ஓட்டுங்கண்ணே.”

தாள்கள் விழுந்துகொண்டே இருந்தன. மச்சான் உள்ளே வந்தபோது தரையெல்லாம் அக்காவின் பெயர். குனிந்து ஒன்றை எடுத்தான்.

“என்ன மாமா இது? சோப்பு மேல அக்கா பேரு?”

பெயரில்லாத அட்டையை அவன் மச்சானிடம் நீட்டினான். “வெள்ளை விழல. என் தப்பு. மேல வெள்ளியில அடிக்கிறோம்.”

மச்சானின் முகம் சிவந்தது. “ஊர்ல எல்லார் வேலையும் சுத்தமா செய்வீங்க. கட்டினவ பேரை வைக்க மட்டும் வரலையா? அம்மா சும்மாவா சொன்னா?”

“நல்லாக் கேளுங்க தம்பி!” பட்டாசு தம் பங்குக்கு வெடித்தார். “அப்பவே சரியா உக்காந்துருச்சு. இன்னும் ஓட்டு, இன்னும் ஓட்டுன்னு என் உயிரை வாங்குறார். கட்டுக் கட்டா தீத்தாச்சு. நானும் கத்திக் கத்திப் படிக்கிறேன். தொண்டை கட்டிப்போச்சு. கேட்டுக்கிட்டே நிக்கிறார், நிறுத்தச் சொல்ல மாட்டேங்குறார்.”

மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்து மாமாவைப் பார்த்தான். மாமா மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். மை பட்ட கை பலகை விளிம்பைப் பிடித்திருந்தது. கண்ணில் இப்போதும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

மச்சான் கையிலிருந்த தாளைக் கசக்காமல் மேசைமேல் வைத்தான்.

“அண்ணே, கழிவுத் தாள் இன்னும் இருக்கா?”

“ஒரு கட்டு இருக்கு. ஏன்?”

“அதையும் ஓட்டிட்டு அப்புறம் அட்டையை ஏத்துங்க. நான் இருக்கேன்.”

“சரிதான்! குடும்பமே இப்படியா?” என்று முனகிக்கொண்டே பட்டாசு கட்டைப் பிரித்தார்.