கரடிக்குட்டியின் உடும்புப்பிடி

நான் எப்படித் தப்பித்தேன் என்பது என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கன்ட்ரோலர் ஸ்டிக்கை வட்டமாகச் சுழற்றியதால்தான் என்றார் கண்ணாடிக் கடைக்காரர். நான்கு பொத்தான்களையும் ஒரே நேரத்தில் அமுக்கியதால் என்றான் ஸ்க்ரூ. பின்வரிசையில் நின்றிருந்த ஒரு வேன் டிரைவர், சரியாக அந்த நொடியில் நான் தும்மினேன், அந்தக் குலுக்கலில்தான் வெளியே வந்தேன் என்று சத்தியம் செய்தார். நான் தும்மவே இல்லை. அவர் சொன்ன வேகத்தில், ஒருவேளை தும்மினேனோ என்று இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

முதலிலிருந்து சொல்கிறேன். இல்லாவிட்டால் நீங்களும் என் மாதிரி முழிக்க வேண்டியதுதான். நாங்கள் ஆடுவது டிவியில் ஆடுகிற ஒரு வீடியோ சண்டை விளையாட்டு. ஆகாயத்தில் ஒரு மேடை மிதக்கும். அதன் மேல் இரண்டு பேர் அடித்துக்கொள்வார்கள். அடி வாங்க வாங்க உங்கள் பெயருக்குக் கீழே சதவீதம் ஏறும். எவ்வளவு ஏறுகிறதோ, அடுத்த அடியில் அவ்வளவு தூரம் பறப்பீர்கள். மேடையைத் தாண்டி விழுந்தால் ஒரு உயிர் போச்சு. ஆளுக்கு நான்கு உயிர். இதற்காகத்தான் நாங்கள் இருபது பேர் ஞாயிற்றுக்கிழமைதோறும் மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியறையில் கூடுகிறோம். அந்த அறையில் கண் பரிசோதனை எழுத்துப் பலகை ஒன்றும், கால் ஆடும் பதினான்கு நாற்காலிகளும், மூன்று பழைய டிவிகளும் உண்டு. ஏழு கழுதை வயசாகியும் இப்படியா என்று அம்மா கேட்கிறாள். எனக்கு முப்பத்து மூன்று. லிஃப்ட் மெக்கானிக். ஒரு கழுதைக்கு எத்தனை வயது என்று அம்மாவிடம் கேட்டால் பதில் வராது.

என் ஆள் கொக்கு. நீளக்கால், நல்ல உதை. என் தங்கச்சியின் ஆள் கரடி. கரடி தனியாக வராது, முதுகுக்குப் பின்னால் ஒரு குட்டி வரும். பெரிய கரடி எதிரியைக் கட்டிப் பிடிக்கும். பிடிபட்டவர் பொத்தான்களைப் படபடவென்று அமுக்கினால் திமிறி வெளியே வரலாம், அது எல்லாப் பிடிக்கும் பொது. ஆனால் கரடி பிடித்திருக்கும்போது குட்டி ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு தட்டுக்கும் திமிறல் கணக்கு மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும். தாளம் தப்பாத வரை வெளியே வர வழி கிடையாது. நூறு, இருநூறு என்று ஏறிக்கொண்டே போகும். அவளுக்கு எப்போது போதும் என்று தோன்றுகிறதோ, அப்போது ஒரு உதை, ஆள் காலி. இதற்கு நாங்கள் வைத்த பெயர் உடும்புப்பிடி.

அது ஆட்டமா அநியாயமா என்று இரண்டு வருடமாகச் சண்டை. ஒருமுறை ஸ்க்ரூ அவளிடம் மாட்டிக்கொண்டபோது அவன் போன் அடித்தது. ஸ்க்ரூ மூக்குக்கண்ணாடிகளுக்குத் திருகாணி முடுக்குகிறவன், பெயர் அப்படி வந்தது. கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டு போனை எடுத்து, வீட்டில் தண்ணீர் மோட்டாரை எப்படிப் போடுவது என்று பொண்டாட்டிக்கு நிதானமாக விளக்கிவிட்டுத் திரும்பினான். பிடி அப்படியே இருந்தது. அன்றிலிருந்து அதைத் தடைசெய்ய வேண்டும் என்று கத்துகிறவர்களில் அவன் இரண்டாமவன். முதலாமவன் நான். கோழைப்பிடி என்று எழுதினேன், கைவரிசை இல்லாதவர்களின் பிழைப்பு என்று எழுதினேன். எழுதியது எங்கள் வாட்ஸ்அப் குழுவில்தான், ஆனால் படிக்க வேண்டியவள் பக்கத்து அறையில் இருந்தாள். அவள் பதிலே போட்டதில்லை. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துகிற வேலை அவளுக்கு. காலை ஆறு மணியிலிருந்து முனகல் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போயிருக்கும்.

இந்த வருடம் இறுதி ஆட்டத்தில் நானும் அவளும் மோதினோம். ஆளுக்கு ஒரு உயிர்தான் மிச்சம். நான் நாற்பது சதவீதத்தில் இருந்தேன். கரடி பிடித்துவிட்டது. டொக், டொக், டொக். அறை முழுக்க "அவ்வளவுதான்" என்று ஒரு பெருமூச்சு. எழுபது. நூறு. எனக்கு ஆத்திரம் வந்தது, கையில் கிடைத்ததையெல்லாம் அமுக்கினேன். நூற்று அறுபத்தொன்றில் கொக்கு வெளியே வந்து நின்றது. நானும் ஒரு நொடி சும்மா நின்றேன், நம்பாமல். பிறகு உதைத்தேன். கரடியும் குட்டியும் சேர்ந்து திரைக்கு வெளியே போனார்கள். என்னைத் தூக்கி ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். தங்கச்சி கன்ட்ரோலரைக் கீழே வைத்து, உள்ளங்கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "நல்லா ஆடினே" என்றாள்.

அங்கேதான் எனக்கு உதைத்தது. என்னிடம் தோற்றால் அவள் நாற்காலியை உதைப்பாள், இரண்டு நாள் பேசமாட்டாள். நல்லா ஆடினே என்று இந்தப் பிறவியில் சொன்னதில்லை.

அதை அப்படியே விட்டிருக்கலாம். நரம்பில்லாத நாக்கு, விரலுக்கும் நரம்பில்லை போலிருக்கிறது. அன்று சாயங்காலமே குழுவில் எழுதினேன்: "உடும்புப்பிடியில இருந்து தப்பிக்க முடியாதுன்னு எவன் சொன்னது? நான் தப்பிச்சேன்ல?" தடை கேட்டவனே இப்படிப் பேசினால் விடுவார்களா? கண்ணாடிக் கடைக்காரர் அரை மணி நேரத்தில் விதிப்புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டார். ஒரு பிடியிலிருந்து தப்பலாம் என்று யார் சொல்கிறாரோ, அவரே சபை முன்னால் பத்துப் பிடியில் மூன்று முறை தப்பிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அந்தப் பிடி அன்றே தடை. விதியை எழுதியவன் நான்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால், பிடியை ஆதரித்துப் பேசிய வேன் டிரைவரின் வாயை அடைக்க எழுதினேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை.

அந்த வாரம் முழுக்க நான் நானாக இல்லை. லிஃப்ட் வேலையில் ஒரு பாடம் உண்டு: நின்றுபோன லிஃப்ட் நாம் எதையும் தொடாமலே ஓடத் தொடங்கினால் அதை நம்பக் கூடாது. என்ன பழுது என்று தெரியாதவரை, அது சரியானதாக அர்த்தமில்லை. என் ஜெயமும் அப்படித்தான் இருந்தது. பிடியிலிருந்து நானே வெளியே வந்தேனா? அவள் தாளம் தப்பினாளா? அன்று காலை அவள் அறுபது பேருக்கு ஊசி குத்தியிருந்தாள், கை களைத்திருக்கலாம். இல்லை, அண்ணன் பாவம், ஒருமுறையாவது கோப்பை வாங்கட்டும் என்று விட்டுவிட்டாளா? கடைசி நினைப்பு வந்தால் சாப்பாடு இறங்கவில்லை. ஒன்பது வருடம் ஆடி முதல்முதலாக வாங்கிய கோப்பை. அது பிச்சையாக இருந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

வியாழக்கிழமை அவள் வேலையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டே விட்டேன்.

"நீ விட்டுட்டியா?"

"எதை?"

"பிடியை. பைனல்ல. எனக்காக விட்டுட்டியா?"

குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள். "உனக்கு என்ன வேணும்? விட்டேன்னு சொல்லணுமா, விடலைன்னு சொல்லணுமா?"

"உண்மையைச் சொல்லு."

"விடலை."

"அப்ப கை தவறிடுச்சா?"

"தவறலை."

"விடவும் இல்ல, தவறவும் இல்லன்னா நான் எப்படிடி வெளிய வந்தேன்?"

"அதை என்கிட்ட கேட்டா? வந்தது நீதானே" என்றாள். துண்டை என் தோளில் போட்டுவிட்டுப் போனாள்.

அவள் சொன்னது உண்மையென்றால் எனக்கு சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. பொய்யென்றால் கோபம் வர வேண்டும். அதுவும் வரவில்லை. வெள்ளிக்கிழமை பதினோராவது மாடியில் ஒரு லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து, கையில் ஸ்பேனரை கன்ட்ரோலர் மாதிரி பிடித்துக்கொண்டு, அன்று எந்த விரல் எங்கே இருந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கீழே உதவிக்கு நின்ற எலக்ட்ரீஷியன் மூன்று தடவை கூப்பிட்டாராம். எனக்குக் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் தெளிவாகப் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை என்னால் தப்ப முடியாவிட்டால் பிடி தடை. பிடி போனால் அவளுக்கு ஆட்டமே போச்சு, மூன்று வருடப் பழக்கம் அது. கூடவே என் ஜெயமும் போச்சு. கோப்பையைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள், ஆனால் தங்கச்சி விட்டுக்கொடுத்து ஜெயித்தவன் என்ற பேர் ஒட்டிக்கொள்ளும். இருவருக்கும் நல்லதாக ஒரே வழிதான் இருந்தது. சனிக்கிழமை அவள் அறை வாசலில் போய் நின்றேன்.

"பத்துல மூணு தடவை மட்டும் லேசா தாளத்தை விட்டுடு. கால் நொடி போதும். யாருக்கும் தெரியாது. உன் பிடியும் தப்பிக்கும்."

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "ரெண்டு வருஷமா கோழைப்பிடின்னு எழுதினே. பதிலா ஒரு வார்த்தை எழுதியிருக்கேனா?"

"இல்ல."

"ஏன்னு யோசிச்சியா? கையே பதில் சொல்லட்டும்னு இருந்தேன். இப்ப அந்தக் கையை நழுவ விடச் சொல்றே."

"உனக்காகத்தான் சொல்றேன்."

"எனக்காகவா!" என்று சிரித்தாள். அவ்வளவு கசப்பான சிரிப்பை அவளிடம் நான் பார்த்ததில்லை. கதவை அறைந்து சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள். அறைந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாடியறையில் உட்கார இடமில்லை. வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். ஸ்க்ரூ அவள் கைகளைப் போனில் படம் பிடித்தான். கண்ணாடிக் கடைக்காரர் எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் நின்று, ஒரு காகிதத்தில் பத்துக் கட்டம் போட்டுவைத்திருந்தார். நான் கொக்கை மேடை நடுவில் நிறுத்தினேன். கரடி வந்து பிடித்தது.

முதல் பிடி: முந்நூறு வரை போயிற்று. கட்டத்தில் பெருக்கல் குறி. இரண்டாவதில் ஸ்டிக்கைச் சுழற்றினேன். மூன்றாவதில் நான்கு பொத்தான். நான்காவதில், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தும்மிப் பார்த்தேன். யாரோ சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. குட்டி தட்டிக்கொண்டே இருந்தது. அவள் கட்டைவிரல் ஒரே உயரத்துக்கு எழுந்து ஒரே இடத்தில் இறங்கியது. இவ்வளவு பக்கத்திலிருந்து அதை நான் பார்த்ததே இல்லை, எப்போதும் திரையைத்தான் பார்த்திருக்கிறேன். அதைக் கைவரிசை இல்லாதவர்களின் பிழைப்பு என்று எழுதியவன் நான் என்று நினைத்தபோது முகம் சூடேறியது.

எட்டாவதும் போனதும் கண்ணாடிக் கடைக்காரர் பேனாவை மூடினார். "இனிமே மூணு கிடைக்க வழியில்ல தம்பி. மிச்சம் ரெண்டுதான். முடிச்சுக்கலாம்."

"பத்துன்னு எழுதியிருக்கு சார்" என்றாள் தங்கச்சி.

ஒன்பதாவதும் போயிற்று. பத்தாவது பிடியில் முந்நூறிலும் நிறுத்தவில்லை, ஐந்நூறிலும் நிறுத்தவில்லை. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் எண் நின்றுவிட்டது, அதற்கு மேல் இந்த விளையாட்டில் எண் கிடையாது. கண்ணாடிக் கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "உடும்புப்பிடி இன்னைக்கு முதல் தடை" என்றார். யாரும் கை தட்டவில்லை. ஸ்க்ரூகூட போனைத் தாழ்த்திக்கொண்டான். நாற்காலிகளை மடக்குகிற சத்தம் கேட்டது. எனக்கு அப்போதும் ஒன்றும் விளங்கவில்லை. விட்டுக்கொடுக்கிறவளாக இருந்தால் இன்றைக்கல்லவா விட்டுக்கொடுத்திருக்க வேண்டும்? அவள் பிழைக்க மூன்று தவறு போதுமே!

கன்ட்ரோலரைக் கீழே வைத்தேன். டொக், டொக் நிற்கவில்லை.

"விடுடி. முடிஞ்சுபோச்சு."

"எடு அதை."

"எதுக்கு? சொல்லிட்டாங்கல்ல?"

"அவங்க ஆயிரம் சொல்லுவாங்க." திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, கண் நிறைந்திருந்தது, தாளம் மட்டும் தப்பவில்லை. "அன்னைக்கும் இப்படித்தான் பிடிச்சிருந்தேன். ஒரு தட்டுகூட விடலை. நீ வந்தே. நான் பாத்தேன். மூணு வருஷத்துல இதுல இருந்து வெளிய வந்த ஒரே ஆள் நீதான். அதனாலதான் 'நல்லா ஆடினே'ன்னு சொன்னேன். நீ என்னடான்னா வாரம் பூரா விட்டியா விட்டியான்னு கேக்கறே."

கீழே கிடந்த கன்ட்ரோலரைப் பார்த்தேன்.

"வெளிய வாண்ணா" என்றாள்.

எடுத்தேன். எந்த விரலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, எல்லாவற்றையும் அமுக்கினேன். கடைக்காரர் மற்ற இரண்டு டிவிகளையும் அணைத்துவிட்டு, எங்கள் டிவி அருகில் வந்து, அதை மட்டும் அணைக்காமல் நின்றார். எண் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதிலேயே இருந்தது. அவள் விடவில்லை. நானும் அமுக்கிக்கொண்டே இருந்தேன்.