கேட்கும், போகாது

படகின் சாவியை மாப்பிள்ளை லிஃப்ட்காரன் கையில் கொடுக்கவில்லை. சாப்பாட்டு மேஜைமேல் வைத்து, விரலால் அவன் பக்கம் தள்ளினார். லிஃப்ட்காரனும் அதை உடனே எடுக்கவில்லை. தங்கை இறந்து ஒரு மாதம் ஆகியும் அவள் செருப்பு வாசலிலேயே கிடந்தது; அதைத் தாண்டித்தான் உள்ளே வந்திருந்தான். அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்ப்பவன் என்பதால் குடும்பத்தில் எல்லோருக்கும் அவன் லிஃப்ட்காரன். ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அதில் கொட்டிய மாப்பிள்ளைக்குக் கப்பல்காரர் என்று தங்கையே பெயர் வைத்திருந்தாள். இப்போது அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. "வயர்லெஸ்ஸை ஒரு தடவை பாத்துடுறேன், மாப்ள," என்றான். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பினார்.

எதற்கு என்பது இருவருக்கும் தெரியும். அன்று கடலில் காற்று சட்டென்று திசை மாறியபோது, பாயின் அடிக்கட்டை வீசி வந்து தங்கையின் விலாவில் அடித்தது. வெளியே காயம் இல்லை, மயக்கமும் இல்லை. வலிக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அதே காற்றில் சுக்கான் உடைந்தது. இன்ஜின் கிளம்பவில்லை. செல்போனுக்கு எட்டாத தூரம். மறுநாள் விடிந்த பிறகு ஒரு மீன்பிடிப் படகு தற்செயலாகப் பார்த்து இழுத்து வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்திருக்கிறது, கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். வயர்லெஸ்ஸில் விடாமல் கூப்பிட்டோம் என்று மாப்பிள்ளை சொன்னார். அப்படி ஓர் அழைப்பே வரவில்லை என்று துறைமுகத்தில் சொன்னார்கள். அங்கே பேசுவதெல்லாம் பதிவாகும், பதிவிலும் இல்லை.

இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில்தான் குடும்பம் ஒரு மாதமாகக் குடியிருந்தது. கூப்பிட்டிருந்தால் யார் காதிலாவது விழுந்திருக்காதா என்று அம்மா வருகிறவர் போகிறவரையெல்லாம் கேட்டாள். சித்தப்பா ஒருபடி மேலே போனார். உதவி கேட்டால் கௌரவம் குறைந்துவிடும் என்று வீராப்பாக இருந்திருப்பான், பெண் போன பிறகு கதை கட்டுகிறான் என்றார். லிஃப்ட்காரனோ மனசுக்குள் தீர்ப்பு எழுதி முடித்திருந்தான். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அதைப் போடத்தான் வந்திருந்தான்.

படகின் உள்ளறை ஈரக் கம்பளி வாடை அடித்தது. மெத்தையை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள், வெறும் பலகை. அதற்கு நேர் மேலே, உட்கார்ந்தபடியே கை எட்டும் உயரத்தில், வயர்லெஸ் பெட்டி. சுவிட்சைப் போட்டதும் திரை ஒளிர்ந்தது. உடனே பேச்சுச் சத்தம். யாரோ நங்கூரச் சங்கிலி சிக்கிக்கொண்டதைச் சொல்லி அலுத்துக்கொள்ள, இன்னொருவன் சிரித்தான். பக்கத்து அறையில் பேசுவது போல அவ்வளவு தெளிவு. பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது. லிஃப்ட்காரனுக்கு அதில் கொஞ்சம் திருப்திகூட இருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மைக்கை எடுத்துத் துறைமுகத்தைக் கூப்பிட்டான். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டான். நங்கூரக்காரர்கள் தங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வயர்லெஸ் கடைக்காரர் முந்தின நாளே எச்சரித்திருந்தார். காதில் விழுவதை வைத்து முடிவு கட்டாதீர்கள், பக்கத்துப் படகுப் பேச்சு அறுந்த கேபிளில்கூட வந்துவிடும், போவதுதான் கஷ்டம் என்று சொல்லி, ஒரு மீட்டரையும் கையடக்கமான மாற்று ஆன்டெனாவையும் இரவல் கொடுத்திருந்தார். பெட்டிக்கும் கேபிளுக்கும் நடுவே மீட்டரைச் சேர்த்து மைக்கின் பொத்தானை அழுத்தினான். வெளியே போக வேண்டிய சக்தி, சுவரில் அடித்த பந்து போலக் கிட்டத்தட்ட முழுதும் திரும்பி வருவதாக மீட்டர் காட்டியது. அவனுக்குப் படகு தெரியாது. ஆனால் பழுது என்பது எங்கேயும் ஒன்றுதான். நல்லது எதுவரை இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனால் கெட்டது தானாக வந்து நிற்கும். பாய்மரத்தின் அடியில் கேபிள் மேலே ஏறும் இணைப்பைக் கழற்றி, அங்கே மாற்று ஆன்டெனாவைப் பொருத்திக் கூப்பிட்டான்.

"தெளிவா கேக்குது. யார் பேசுறீங்க?" என்றது துறைமுகம், கூப்பிட்ட வாய் மூடுவதற்குள்.

சும்மா சோதித்துப் பார்க்கிறோம் என்று சொல்லி வைத்தான். மாப்பிள்ளை எழுந்து நின்றிருந்தார். கன்னத்தில் அறை வாங்கியவர் போல ஸ்பீக்கரையே பார்த்தார். பிறகு மேலே போய், பாயேற்றும் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

உயரம் லிஃப்ட்காரனுக்குப் பழக்கம். லிஃப்ட் குழிகளில் இரும்பு வடத்தை நம்பித் தொங்கியிருக்கிறான். இது வேறு. இடுப்புப் பெல்ட்டில் கட்டிய கயிற்றின் மறுமுனை, ஒரு மாதமாக எந்த ஆளின் கழுத்தை அவன் மனசுக்குள் நெரித்துக்கொண்டிருந்தானோ, அந்த ஆளின் கையில் இருந்தது. மாப்பிள்ளை உருளையில் கயிற்றைச் சுற்றிச் சுற்றி ஏற்றினார். ஒரு முறைகூட வெட்டி இழுக்கவில்லை.

உச்சியில் காற்று பலமாக இருந்தது. ஆன்டெனாவின் அடிக் கனெக்டரைத் திருகினான். பச்சைத் தூளாகக் கொட்டியது. கேபிளைக் கொஞ்சம் வெட்டினான். உள்ளே செம்பு கறுத்திருந்தது. இன்னும் உள்ளே தள்ளி வெட்டினான். அங்கேயும் கறுப்பு. முன்பு எப்போதோ, இந்தப் படகு வேறு யாருடையதாகவோ இருந்த காலத்தில், மாட்டியவன் ஒரு சுற்று ரப்பர் டேப் ஒட்டச் சோம்பல்பட்டிருக்கிறான். மழை சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கிறது. அவ்வளவுதான். லிஃப்ட்காரன் பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். சோறு போட்டு வளர்த்த கோபத்தை இனி எங்கே கொண்டுபோய் விடுவது என்று தெரியவில்லை.

இறங்கியதும் கறுத்த துண்டை நீட்டினான். "மேல தண்ணி இறங்கியிருக்கு. இதுல கேக்கும், போகாது. நீங்க கூப்பிட்டது எதுவுமே வெளிய போகல, மாப்ள."

சந்தேகப்பட்டதற்கு அவர் திட்டுவார், அல்லது உடைந்து அழுவார் என்று எதிர்பார்த்தான். அவர் துண்டை வாங்கவேயில்லை. கயிற்றைக் கட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"நான் கூப்பிடல, மச்சான். அவதான் கூப்பிட்டா."

பிறகு, யாரும் கேட்காததால் இதுவரை சொல்லாதிருந்ததை எல்லாம் சொன்னார். அவர் மேல்தளத்தில் உடைந்த சுக்கானோடு மல்லாடிக்கொண்டிருக்க, அவள் அந்தப் பலகையில் சாய்ந்து மைக்கைப் பிடித்திருந்தாள். மற்றவர்கள் பேசுவதெல்லாம் அவளுக்குக் கேட்டது. எவனோ ஒருவன் தன் மகள் பாஸாகிவிட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தான். அதைக்கூட இவரிடம் சொன்னாள். நம்மை மட்டும் ஏன் கண்டுகொள்ள மாட்டேன் என்கிறார்கள் என்று கேட்டாள். இருட்டிய பிறகு குரல் இறங்கிப்போனது. இவர் கீழே வந்து மைக்கை வாங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு நாலு வார்த்தை பேசினார். பதில் வராமலேயே திரும்பி, கேட்டுவிட்டார்கள், கிளம்பிவிட்டார்கள் என்றார்.

"அப்பாடா, இப்பவாவது கேட்டுச்சேன்னு சொன்னா. அண்ணனுக்குத் தெரிய வேணாம், படகை விக்கச் சொல்லி உங்களைப் படுத்தி எடுத்துடும்னா." அவர் உள்ளங்கையில் கயிறு அறுத்த தடத்தைத் தேய்த்தார். "அதுக்கப்புறம் நான் மைக்கைத் தொடல. தொட்டா பொய்னு தெரிஞ்சிடுமே. முழிச்சுக்கிட்டுதான் இருந்தா."

"தொட்டிருந்தாலும் போயிருக்காது."

"அது இன்னைக்குத்தானே தெரியுது, மச்சான். அன்னைக்கு எனக்குத் தெரியாதே."

லிஃப்ட்காரன் பையில் போன் அடித்தது. அம்மா. காலையிலிருந்து இதற்காகத்தான் காத்திருந்திருப்பாள். எடுத்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கூப்பிட்டாரா, இல்லையா? மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கூப்பிட்டாங்கம்மா, தங்கச்சிதான் மைக்ல கூப்பிட்டிருக்கா," என்றான். "கேபிள்தான் கெட்டுப்போயிருக்கு."

அப்படியானால் அவள் என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்று அம்மா கேட்டாள். வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டான். வீட்டுக்குப் போகும் வழியில், சொல்வதற்கு ஏதாவது ஒன்றைத் தயார்செய்ய வேண்டும்.

காரிலிருந்து புதுக் கேபிள் சுருளை எடுத்து வந்தான். அதன் நுனியைப் பழையதன் வாலில் வைத்து இறுக்கிக் கட்டினான். மேலிருந்து பழையதை இழுத்தால் புதியது பின்னாலேயே ஏறிவிடும். இனி எதற்கு இதெல்லாம், படகை உடைக்கக் கொடுத்துவிடப் போகிறேன் என்றார் மாப்பிள்ளை.

"உடைக்கிறேம்பீங்க. எவனாவது வந்து கெஞ்சுவான், குடுத்துடுவீங்க. அவன் பொண்டாட்டியையும் கூட்டிக்கிட்டுப் போவான்," என்று சொல்லிக்கொண்டே லிஃப்ட்காரன் பெல்ட்டை மாட்டினான். மாப்பிள்ளை குனிந்து கயிற்றை எடுத்தார்.

இம்முறை காற்று இன்னும் கூடியிருந்தது. கறுத்த கேபிளை முழங்கையில் சுற்றியபடி இழுக்க இழுக்க, புதியது பாய்மரத்தின் உள்சுவரில் உரசிக்கொண்டு ஏறி வந்தது. அதன் வெள்ளை நுனி கைக்கு வந்தபோது கீழே பார்த்தான். மாப்பிள்ளை இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றிருந்தார். வாய் அசைந்தது. ஏதோ கேட்கிறார், அல்லது சொல்கிறார். மேலே காற்றைத் தவிர ஒன்றும் வந்து சேரவில்லை. அவர் நிறுத்தி, மறுபடி அதையே சொல்வது போலிருந்தது. லிஃப்ட்காரன் பாய்மரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கீழே நன்றாகத் தெரியும்படி பெரிதாகத் தலையாட்டினான்.