பார்த்து எழுதாத பதில்

மாலைக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்திய விரிவுரையாளருக்கு மாணவர்கள் வைத்த பெயர் சல்லடை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தாள் திருத்துவார். பார்த்து எழுதியவர்களை இரண்டாவது வரியிலேயே பிடித்துவிடுவார்.

இந்த முறை அவரிடம் சிக்கியது ஒரு நர்ஸின் தாள். நாற்பதைத் தாண்டியவர், சீருடையோடு ஓடிவந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாதி வகுப்பைத் தூங்கியே கழிப்பவர். நானூறு வருடத்துக்கு முந்தைய கொள்ளைநோய்க் காலத்தில் ஆங்கில நாடக அரங்குகள் மூடப்பட்டதைப் பற்றிய கேள்வி. மற்றவர்கள் நோட்ஸை அப்படியே கக்கியிருந்தார்கள். நர்ஸ் இப்படி எழுதியிருந்தார்: 'மனிதர்கள் முதலில் பயந்தது சாவுக்கு அல்ல, பக்கத்தில் இருமியவனுக்கு. தோள் உரச உட்கார்ந்து சிரித்த கூட்டம் அப்படித்தான் கலைந்தது.'

சல்லடைக்குப் பொறி தட்டியது. இது அந்த அம்மாவின் சரக்கே இல்லை. நூலகத்தில் நான்கு வரலாற்றுப் புத்தகங்களைப் புரட்டினார், இணையத்தில் துழாவினார். அந்த வரி எங்கும் அகப்படவில்லை. அகப்படாததாலேயே சந்தேகம் தடித்தது.

"சாப்பாடு ஆறுது. எங்கயும் கிடைக்கலன்னா அவங்களே எழுதியிருப்பாங்க" என்றாள் மனைவி.

"உனக்கு இவங்களைத் தெரியாது."

வெள்ளிக்கிழமை நர்ஸை ஆசிரியர் அறைக்கு வரச்சொன்னார்.

"இது எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"புத்தகமா? நானே எழுதினது சார்."

"அப்படியா! முரண்நகைக்கு ஒரு உதாரணம் சொல்லுங்க. நோட்ஸ்ல இருக்கறது வேண்டாம்."

நர்ஸ் யோசித்தார். "தொற்று பரவினப்போ எங்க வார்டுல ஒருத்தர், 'யாரும் பக்கத்துல வராதீங்க'ன்னு போர்டு எழுதி மாட்டினார். பத்தே நாள்ல அதே வார்டுல படுத்துக்கிட்டு, 'யாராச்சும் பக்கத்துல வாங்களேன்'னு கூப்பிட்டார். நான்தான் சார் போனேன்."

சல்லடை அவருடைய தாளை மறுபடி கையில் எடுத்தார்.

"பார்த்து எழுதியிருந்தா வருஷத்தையாவது சரியா எழுதியிருப்பேனே சார். பத்து வருஷம் தள்ளிப் போட்டுட்டேன்."

அவசரமாகத் தாளைத் திருப்பினார். உண்மைதான். எட்டு நாளாகத் துருவியும் அந்தத் தப்பு அவர் கண்ணில் படவே இல்லை. வருடத்தைச் சுழித்து ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தார். மிச்சத்தை முழுதாகப் போட்டார்.

"சந்தேகப்பட்டுட்டேன்ம்மா. என் தப்புதான்."

"பரவாயில்ல சார்" என்று பையை மாட்டிக்கொண்டார் நர்ஸ். முகத்தில் சிரிப்பில்லை. "ஆனா நோட்ஸை அப்படியே எழுதின மத்தவங்க யாரையும் நீங்க கூப்பிடலையே."

பதிலுக்குக் காத்திராமல், பஸ்ஸைப் பிடிக்கப் படியிறங்கிப் போய்விட்டார்.