அண்ணன் முறை

தோசைக்கல் காய்வதற்குள் நிலா அடுப்படியில் மூன்று சுற்று சுற்றி முடித்திருந்தாள். வலது கை நீண்டிருந்தது. இடது கை, அங்கே இல்லாத ஒருவரின் தோள்மேல் அலுங்காமல் உட்கார்ந்திருந்தது. மாவுக் கரண்டியோடு நின்ற அறிவுச்செல்விக்கு மகள் ஆடுவதில் குறையொன்றும் தெரியவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளை, ஆடினால் ஆடட்டும். தாயின் கண் அந்தக் காலி இடத்தில்தான் நின்றது. அங்கே ஆள் இல்லை, ஆனால் ஆளின் உயரம் இருந்தது.

“ஏஞ்சாமி, அது யாரு தோளு?”

“பெனடிக்ட்ங்கம்மா. ஹாஸ்டல் பையன், சேலத்துக்காரன். என்ற உயரத்துக்கு அவந்தான் சரியா வந்தான்.”

சரியா வந்தானாமே! ஊற்றிய தோசை கருகிப்போனது.

அறிவுச்செல்வி சந்தேகப்படவே பிறந்தவள் என்று அவள் கணவன் சந்திரசேகர் சொல்வான். அவனுக்கென்ன, ரிக் வண்டியோடு வருஷத்தில் எட்டு மாதம் ராய்ப்பூர்ப் பக்கம் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருப்பவன், சொல்லலாம். ஒற்றை ஆளாக வீட்டில் ஒரு பெண்பிள்ளையை வளர்க்கிறவளுக்குச் சந்தேகம் இல்லாவிட்டால் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாத மாதிரி. திருச்செங்கோடு சாலையில் இருந்த அந்தப் பள்ளிக்கூடம் இத்தனை நாள் மார்க் வாங்குவதைத் தவிர எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. இந்த ஆண்டு விழாவுக்கு என்னவோ திடீரென்று பால்ரூம் டான்ஸ் என்று கிளம்பிவிட்டது. பையனும் பொண்ணும் கையைக் கோத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றி வருவார்களாம். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் கைதட்டும் பொம்மைகளாகக் குவிந்தன. ஒருத்திக்குக்கூடவா இது தப்பாகப் படவில்லை என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாளே பள்ளிக்குப் போய்க் கூடத்துக் கதவோரம் நின்று பார்த்தாள். பெனடிக்ட் ஒல்லிப் பையன். நிலாவின் கையை ஈரமான காகிதத்தைப் பிடிப்பதுபோல நுனியில் பிடித்திருந்தான். கால் பட்டுவிட்டால் ‘சாரி’ என்று சொல்லி நின்றுகொண்டான். இவ்வளவு பவ்யமாக இருக்கிறானே, இதுதான் ஆபத்து என்று அறிவுச்செல்வி முடிவு கட்டிவிட்டாள். அவன் கொஞ்சம் முரடனாக இருந்திருந்தால்கூட அவளுக்கு இத்தனை பயம் வந்திருக்காது.

“உயரம் பாத்துதாம்மா ஜோடி போட்டிருக்கேன்” என்றார் பாக்கியநாதன் மாஸ்டர். சேலத்திலிருந்து வாரம் மூன்று நாள் வந்து ஆட்டம் சொல்லிக்கொடுப்பவர்.

“அந்த ஜோடிங்கற பேச்சே வேண்டாமுங்க. ஆள மாத்தி உடுங்க.”

மாஸ்டர் அப்பா பெயரும் ஊரும் போட்ட பெயர்ப் பட்டியலை நீட்டினார். வரன் பார்க்கிறவள் எதைத் தள்ளுவாளோ அதைத்தான் அறிவுச்செல்வி அதில் தேடினாள். ஒரே குலக் கூட்டம், ஒரே குலதெய்வம் என்றால் பங்காளி வீடு. பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை. கல்யாணப் பேச்சே எழாது. ஒவ்வொரு பெயருக்கும் இவன் யாரூட்டுப் பையன், எந்த ஊர் என்று பார்த்துக்கொண்டே வந்தவள், பதினோராவது பெயரில் விரலை வைத்தாள். நிலவன். அறிவுச்செல்வி வீட்டாரின் கூட்டம்தான். குலதெய்வம் கோயிலில் பொங்கல் வைக்கும்போது இரண்டு வீட்டு அடுப்பும் பக்கத்தில் பக்கத்தில்தான் எரியும்.

“இவன் என்ற பொண்ணுக்கு அண்ணன் முறைங்க. இவங்கூட ஆடட்டும்.”

“அவன் ரொம்ப உயரம்மா. பொண்ணுக்குக் கை வலிக்கும்.”

“வலிச்சா வலிக்கட்டுமுங்க.”

அன்றைக்கு அவளுக்கு நல்ல தூக்கம் வந்தது.

அதன்பிறகு நிலா அடுப்படியில் சுற்றுவதை நிறுத்திவிட்டாள். கேட்டால் களைப்பு என்றாள். டான்ஸே வேண்டாம் என்று ஒருநாள் சொன்னாள். அந்தச் சேலத்துப் பையன் இல்லாமல் ஆட்டம் கசக்கிறதோ என்று தாய்க்காரிக்கு அதிலும் சந்தேகம். மகள் குளிக்கப் போன நேரத்தில் பள்ளிக்கூடப் பையைத் துழாவினாள். நோட்டுகளின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாதது இன்னும் உறுத்தியது.

மூன்றாம் வாரம் தலை பின்னிவிடும்போதுதான் நிலாவின் வலது மணிக்கட்டைப் பார்த்தாள். நான்கு நகக்குறிகள். இரண்டு பழசு, இரண்டு புதுசு.

“யாரு பண்ணுனது? பெனடிக்ட்தான?”

“இல்லீங்கம்மா.”

“ஏங்கண்ணு மறைக்கற? அவந்தான?”

“அவன் இல்லைன்னு சொல்றனல்லங்கம்மா!” என்று கத்திவிட்டு, பாதிப் பின்னலோடு நிலா எழுந்து போய்விட்டாள். மகள் அவனைக் காப்பாற்றுகிறாள் என்று அறிவுச்செல்வி புரிந்துகொண்டாள்.

நிலா பள்ளிக்குப் போன கொஞ்ச நேரத்தில் அவளும் டவுன் பஸ் பிடித்தாள். பிரின்சிபாலிடம் பேச வேண்டியதை வழி நெடுக மனதுக்குள் பேசிக்கொண்டே போனாள். பாக்கியநாதன் மாஸ்டர் பிள்ளைகளை ஒத்திகையில் விட்டுவிட்டு வராந்தாவில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பெனடிக்ட மொதல்ல கூப்புடுங்க.”

“பெனடிக்டா? அவன் அம்மை போட்டு ஊருக்குப் போய்ப் பத்து நாளாச்சேம்மா.”

 அடுத்த கணமே அவள் சந்தேகம் மாஸ்டர்மேல் பாய்ந்தது. அவர் கையைப் பார்த்தாள். நகங்களை ஒட்ட வெட்டியிருந்தார். அப்புறம்தான் திரும்பிக் கூடத்துக்குள் பார்த்தாள்.

நிலவன் ஆடவில்லை, நிலாவை இழுத்துக்கொண்டு போனான். அவள் அடி பிசகும்போதெல்லாம், முகத்துச் சிரிப்பு மாறாமல், விரல்களை அவள் மணிக்கட்டில் இறக்கினான். நிலா கத்தவில்லை. பழகிப்போனவளாக உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த அடியை வைத்தாள். பட்டியலில் விரல் வைத்துக் காட்டியது யார் என்பது அறிவுச்செல்விக்கு அப்போதுதான் உறைத்தது. 

பாட்டு நின்றது. நிலவன் அறிவுச்செல்வியைப் பார்த்ததும் நிலாவின் கையை விட்டுவிட்டு ஓடி வந்தான்.

“வாங்க பெரியம்மா. எங்கப்பா உங்களக் கேட்டாருன்னு சொல்லச் சொன்னாருங்க.”

இவனும் பவ்யமாகத்தான் இருந்தான். அவனைத் தாண்டிக் கூடத்துக்குள் மகளிடம் போனாள்.

“ஏங்கண்ணு, எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?”

“சொன்னா நம்பியிருப்பீங்களா? அண்ணன்னு சொல்லித்தானங்கம்மா என்னைய அவங்கிட்ட உட்டீங்க.”

காயத்தைப் பார்க்கலாம் என்று அறிவுச்செல்வி கையை நீட்டினாள். நிலா ஓரடி பின்னால் போனாள். வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மறைத்துக்கொண்டு, அம்மாவின் முகத்தையே பார்த்தாள். இந்தக் கையை வாங்கி அடுத்து யாரிடம் கொடுக்கப்போகிறீர்கள் என்று கேட்கிற பார்வை. மறுபடியும் பாட்டைப் போட்டார்கள். நடுக்கூடத்துக்கு நிலவன் திரும்பி வந்து, சொல்லிக்கொடுத்தபடி முதுகை நிமிர்த்தி, தன் கையை நீட்டி நின்றான். அறிவுச்செல்வியும் நீட்டிய கையை மடக்காமல் நின்றாள்.