அருள்நாயகத்துக்கு இன்னொரு தேநீர்

1
இந்தக் கதை தானாக உதித்ததல்ல, கேட்டு வாங்கப்பட்டது. நூலகக் கூட்டமொன்றில், "கலப்பின அச்சுறுத்தலும் ஜனநாயகத்தின் தாங்குதிறனும்" பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். எனக்கு முதலில் மாட்டுப் பண்ணைதான் நினைவுக்கு வந்தது. விளக்கினார்கள்: குண்டு போடாமல், பொய்யைப் பரப்பியே ஒரு நாட்டைக் குழப்புவதாம். தலையாட்டிவிட்டு வந்தேன்.

2
தேர்தலன்று கனடாவில், ரொறன்ரோவின் வானம் கறுத்து, (வேண்டாம். வானத்துக்கு இதில் வேலையில்லை.)

யூனியன்வில் அருள்நாயகம் ஊர்ச் சங்கத் தலைவர். சங்கத்தின் வாட்ஸ்அப்பில் சாவு, கலியாணம் எல்லாம் அவர் குரலில்தான் வரும். தேர்தலன்று காலையும் வந்தது: "அகதியாய் வந்தாக்கள் ஒருத்தரும் வோட் போடப் போகாதேங்கோ. பழைய அகதிக் கேஸைக் கிளறப்போறாங்களாம்."

அவர் அப்படிச் சொல்லவேயில்லை. யாரோ கணினியில் செய்த குரல். கேட்டதும் அவருக்கே பயம் பிடித்துவிட்டது.

"நான் எப்பவப்பா உப்பிடிச் சொன்னனான்?" என்று மனைவி சந்திரவதனாவைக் கேட்டார்.

"நீங்கள் சொல்லிப்போட்டு மறக்கிறது புதுசோ?"

3
தன் சொந்தக் குரலில் மறுப்பு அனுப்பினார். அந்த மறுப்புத்தான் பொய்க்குரல் என்று குழுவில் முடிவாயிற்று. பொய் தடுமாறவில்லை, இவருக்கோ நாக்குழறியது.

(யார் செய்தது என்று கேட்காதீர்கள். ஒரு உளவாளியைக் கொண்டுவந்து பார்த்தேன். கதையில் அவனுக்கு இருக்க இடமில்லை, அனுப்பிவிட்டேன்.)

ஆனால் எங்கள் சனத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்து சொல்லாவிட்டால் கலியாணத்துக்கே போகமாட்டார்கள். அருள்நாயகம் காரை எடுத்து வீடு வீடாகப் போனார். எல்லோரும் நம்பினார்கள். எல்லோரும் தேநீரும் தந்தார்கள். குடிக்காமல் எழும்பினால் மரியாதையில்லை. பொய் ஒரு நொடியில் போன தூரத்தை உண்மை தேநீர் குடித்துக் குடித்துக் கடந்தது.

4
கடைசி வீடு நகரின் மறுகோடியில், ரெக்ஸ்டேலில். நாகேஸ்வரிக்குப் போன வருடம்தான் குடியுரிமை கிடைத்தது. இது அவளுடைய முதல் வாக்கு. கட்டுவதற்கு எடுத்துவைத்த சேலை கதிரையில் அப்படியே கிடந்தது.

"ஊரிலயும் பயத்தில போடேல்லை. இஞ்சையுமோ எண்டு இருந்து அழுதிட்டன் அண்ணை."

"அது என்ர குரலில்லை, பிள்ளை. கெதியா வெளிக்கிடு. அரை மணித்தியாலத்தில வாக்குச்சாவடியைப் பூட்டிப்போடுவாங்கள்."

அவள் கண்ணைத் துடைத்தாள். "நேரில வந்து சொல்லுறியள், நம்புறன். இவ்வளவு தூரம் வந்தனீங்கள், ஒரு வாய் தேத்தண்ணி…" கேத்தலை அடுப்பில் வைத்தாள்.

5
முடிவு ஒன்று: இருவரும் ஓடுகிறார்கள். நூலகத்தார் கைதட்டுவார்கள்.

முடிவு இரண்டு: தேநீர் அருமை.

அந்தச் சேலையைப் பார்த்தபின் இரண்டாவதை எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அருள்நாயகம் வேண்டாம் என்று சொல்லமாட்டார். அவரை எனக்குத் தெரியும்.

வாக்குச்சாவடி இரண்டு தெரு தள்ளித்தான். கேத்தல் இரையத் தொடங்கிவிட்டது. அந்த வீட்டில் மரியாதை பார்க்கத் தேவையில்லாத ஆள், இதை வாசிக்கும் நீங்கள் ஒருவர்தான். அடுப்பை நிறுத்துங்கள்.